கருவுறுவதற்கு முந்தைய மூன்று மாதங்கள் இருவருக்கும் உரியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீக்கிரம் கருத்தரிக்க உதவும் உணவுகள் பற்றி உங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பலரும் பேசத் தயங்கும் விஷயத்தை எடுத்துக்கொண்டதற்கு நன்றி. பெண்கள் சாப்பிட வேண்டிய பத்து உணவுகளைப் படத்தோடு போட்டிருந்தீர்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் இரண்டு விஷயங்களைக் காணவில்லை. ஒன்று, எப்போது தொடங்க வேண்டும் என்ற கணக்கு. மற்றொன்று, கணவர். நான் மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிகள் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். இந்த இரண்டும் விடுபடுவதால் குடும்பங்களுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கணக்கு. முதல் பரிசோதனைக்கு வரும் பெண்களுக்கு அட்டை போட்டுக் கொடுப்பது என் வேலை. நாள் தள்ளிப்போய், வீட்டிலேயே சோதித்துப் பார்த்து, நெருங்கியவர்களிடம் சொல்லிவிட்டு, பெரும்பாலோர் எட்டாவது வாரத்திலோ பத்தாவது வாரத்திலோதான் வருவார்கள். மருத்துவர் முதல் சீட்டிலேயே ஃபோலிக் அமில மாத்திரை எழுதுவார். அவர்களும் அன்றைக்கே வாங்கி, ஒரு வேளை தவறாமல் போட்டுக்கொள்வார்கள். ஆனால் அந்த மாத்திரை எந்தக் குறையைத் தடுப்பதற்காகப் பெயர் பெற்றதோ, அது வருவதா இல்லையா என்பது அதற்கு முன்பே முடிவாகியிருக்கும். குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் நரம்புக்குழாய், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். மாதவிடாய்க் கணக்குப்படி அது ஆறாவது வாரம். நாள் தள்ளி இரண்டு வாரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். மாதவிடாய் ஒழுங்காக வராத பெண்ணுக்கு அப்போது சந்தேகம்கூடத் தட்டியிருக்காது.

அந்தக் குழாய் சரியாக மூடாவிட்டால் முதுகுத்தண்டு திறந்தபடி குழந்தை பிறக்கலாம். மேல்முனை மூடாவிட்டால் மண்டையோடும் மூளையும் முழுமையாக உருவாகாது. அந்தக் குழந்தை பிழைப்பதில்லை. இப்படி ஒரு ஸ்கேன் முடிவோடு வந்த பெண் ஒருத்தி, தான் சாப்பிட்டு முடித்த மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு காகித உறையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். ஒவ்வொன்றாக மேசையில் பரப்பி, "ஒரு நாள்கூட விடலை சிஸ்டர், எண்ணிப் பாருங்க" என்றாள். அவள் சொன்னது உண்மை. காலியான குழிகள் வரிசையாக இருந்தன. அவளிடம் எந்தத் தவறும் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. முன்பே தொடங்கியிருந்தாலும் எல்லாக் குழந்தைகளையும் காப்பாற்றிவிட முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் பலவற்றைத் தடுக்க முடியும்.

இது நிரூபணமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தையைப் பெற்ற பெண்களை வைத்து, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 7 நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தியது. கருவுறுவதற்கு முன்பிருந்தே 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களிடம் அதே குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தி, 1991இல் முடிவை வெளியிட்டார்கள். இதற்கு முன் அப்படிக் குழந்தை பெறாதவர்களுக்கும் பலன் உண்டு என்பதை அடுத்த ஆண்டே ஹங்கேரியில் நடந்த ஆய்வு காட்டியது. குழந்தைக்கு முயலத் தொடங்கும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்கத் தொடங்கி, கர்ப்பத்தின் 12 வாரம் வரை தொடர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிட்டால் உடம்பில் போதிய அளவு சேர்ந்திருக்கும். திட்டமிடாமல் உண்டாகும் கர்ப்பங்களும் நிறைய என்பதால் அமெரிக்காவும் கனடாவும் 1998இலேயே மாவில் இதைச் சேர்ப்பதைக் கட்டாயமாக்கிவிட்டன.

"தினமும் கீரை சாப்பிடறேன், அது போதாதா?" என்று கேட்பார்கள். கீரை நல்லது, பருப்பும் பயறும் இன்னும் நல்லது. விடாமல் சாப்பிடட்டும். ஆனால் உணவில் இயற்கையாக உள்ள ஃபோலிக் அமில வகைச் சத்தான ஃபோலேட் சூட்டில் சிதையும், வடித்துக் கொட்டும் தண்ணீரோடும் போகும், மிஞ்சியதையும் உடம்பு முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். முந்தைய குழந்தைக்கு இந்தக் குறை இருந்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு அளவு மாறும். மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். வலிப்பு மருந்தை மட்டும் யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. குழந்தைக்கு நல்லது என்று நினைத்து அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அது தாயின் உயிருக்கே ஆபத்து.

இந்தச் சத்து கண்டறியப்பட்டதே கர்ப்பிணிகளின் ரத்தசோகை வழியாகத்தான் என்பதையும் சொல்ல ஆசை. லூசி வில்ஸ் என்ற மருத்துவர் பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளிடம் ஆய்வு செய்து, ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தால் ஒரு வகை ரத்தசோகை குணமாகிறது என்று 1931இல் எழுதினார். அதில் வேலை செய்த பொருள் ஃபோலேட் என்பது பின்னால்தான் தெரிந்தது. சத்துக்குறைவால் வாடிய ஏழைக் கர்ப்பிணிகளை ஒரு பெண் மருத்துவர் உட்கார்ந்து கவனித்ததில் தொடங்கிய அறிவு இது. இன்றைக்கும் அது சேர வேண்டியவர்களிடம் தாமதமாகச் சேர்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

இனி கணவர் விஷயம். உங்கள் கட்டுரையில் மட்டும் அவர் விடுபடவில்லை; எங்கள் காத்திருப்பு அறையிலும் அப்படித்தான். ஒரு தம்பதி நினைவுக்கு வருகிறார்கள். அந்தப் பெண் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். காலையில் என்ன, மதியம் என்ன, எத்தனை பாதாம், எத்தனை பழம் என்று தேதி போட்டுக் கோடு கிழித்து எழுதியிருந்தாள். ஒரு நாள் வெளியில் சாப்பிட்டதைச் சிவப்பு மையில் குறித்து வைத்திருந்தாள். நான் கணவரைப் பார்த்து, "நீங்க என்ன சாப்பிடுறீங்க தம்பி?" என்றேன். அவர் கேள்வி தனக்கில்லை என்பது போல மனைவியைப் பார்த்தார். மெல்லக் கேட்டபோது, உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னதை நம்பித் தசை வளர ஊசி போட்டு வந்ததைச் சொன்னார். மனைவிக்கே அது தெரியாது.

அது டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஆண்மைக்கான ஹார்மோன் என்பதால் குழந்தைப்பேறுக்கும் நல்லது என்றுதான் அவர் எண்ணியிருந்தார். நடப்பது நேர்மாறு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருந்தால், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை எண்ணி, விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி குறைந்து, சிலருக்கு ஒன்றுகூட இல்லாமல் போய்விடும். ஊசியை விட்டபின் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும், ஆனால் அதற்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகும். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். உங்கள் வாசகர்களில் எத்தனை இளைஞர்களுக்கு இது தெரியும்?

ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 70 நாட்கள் ஆகின்றன. அதன்பின் முதிர்ந்து வெளியேறத் தயாராக இன்னும் சில நாட்கள். ஆக, இன்றைக்கு ஒருவரிடம் உள்ள விந்தணு சுமார் மூன்று மாதத்துக்கு முன் உருவாகத் தொடங்கியது. அந்த மூன்று மாதம் அவர் புகைத்தாரா, குடித்தாரா, என்ன சாப்பிட்டார், கடும் காய்ச்சலில் கிடந்தாரா என்பதெல்லாம் அதில் சேரும். பெண்ணின் கருமுட்டையும் அப்படித்தான். வெளிவருவதற்கு முந்தைய சில மாதங்களில்தான் அது கடைசிக்கட்ட வளர்ச்சி காண்கிறது. மூன்று மாதம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். காய்கறி, பழம், பருப்பு வகை, கொட்டைகள், மீன் இவற்றை அதிகம் சாப்பிடும் ஆண்களிடம் விந்தணுக்களின் தரம் மேலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பதப்படுத்திய இறைச்சியும் இனிப்புக் குளிர்பானமும் அதிகம் எடுப்பவர்களிடம் எதிர்மாறாகவும் கண்டிருக்கின்றன. உணவு மட்டுமே இதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இந்தச் சாப்பாட்டால் இதயத்துக்கும் நன்மைதான், யாருக்கும் நட்டமில்லை.

ஆண்களுக்கான சத்து மாத்திரைகள் என்று விற்பவற்றைப் பற்றி அப்படிச் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளைக் கொண்டு நடந்த ஆய்வில், ஆண்களுக்கு ஆறு மாதம் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்தார்கள். விந்தணுவின் தரமும் உயரவில்லை, குழந்தை பிறப்பும் கூடவில்லை. 2020இல் முடிவு வெளியானது. பெண்ணுக்கு ஃபோலிக் அமிலம் கொடுப்பது குழந்தையின் நரம்புக்குழாய்க்காக. ஆணுக்கும் அதே பெட்டியை நீட்டுவதில் பொருளில்லை.

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. அப்படிப்பட்ட தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது. ஆனால் சாப்பாட்டு அறிவுரை முழுக்கப் பெண்ணின் தட்டில்தான் வந்து விழுகிறது. "அதைச் சாப்பிட்டியா, இதை ஏன் சாப்பிட்டே" என்று ஒவ்வொரு மாதமும் விசாரணை. நோட்டுப் புத்தகப் பெண்ணின் சிவப்பு மைக்குப் பின்னால் இருந்தது அந்த பயம்தான்.

எடை பற்றி உங்கள் கட்டுரையில் ஒரே வரி இருந்தது: எடையைக் குறையுங்கள் என்று. எல்லோருக்கும் அது பொருந்தாது. மிக மெலிந்த பெண்ணுக்கும், கடுமையாகப் பட்டினி கிடந்து உடம்பைக் குறைப்பவளுக்கும் கருமுட்டை வெளியாவதே நின்றுபோகலாம். ஒரு கர்ப்பத்தைத் தாங்கும் சேமிப்பு இல்லை என்று உடம்பு கதவைச் சாத்திக்கொள்கிறது. 1944-45 குளிர்காலத்தில், போர் முற்றுகையில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் கடும் பஞ்சம் வந்தபோது, ஒன்பது மாதம் கழித்து அங்கே குழந்தை பிறப்பு பெருமளவு சரிந்தது. உணவு திரும்பியதும் பிறப்பும் திரும்பியது. ஆகவே மாதவிடாய் நின்றுபோன மெலிந்த பெண்ணிடம் இன்னும் கொஞ்சம் கட்டுப்பாடாக இரு என்று சொல்லாதீர்கள். அவளுக்கு வேண்டியது வயிறார மூன்று வேளைச் சாப்பாடு.

எடை கூடுதலாக இருந்து, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் இருப்பவர்களுக்கு வேறு வழி. உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்காகிறது. 80 கிலோ இருப்பவர் 76க்கு வந்தாலே மாற்றம் தெரியலாம். 50 ஆக வேண்டியதில்லை. ஆனால் வயது 36, 37 என்று இருக்கும் பெண்ணிடம், "எடையைக் குறைத்துவிட்டு வா, பிறகு பார்ப்போம்" என்று திருப்பி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. நெதர்லாந்தில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். உடல் பருமனுள்ள பெண்களில் ஒரு குழுவுக்கு முதலில் ஆறு மாதம் உணவு, உடற்பயிற்சித் திட்டம், பிறகு சிகிச்சை. மற்றொரு குழுவுக்கு உடனே சிகிச்சை. முதல் குழுவில் இயற்கையாகக் கருவுற்றோர் அதிகம். ஆனால் இரண்டு ஆண்டு முடிவில், சிக்கலில்லாமல் நிறைமாதத்தில் நடந்த பிரசவங்கள் அந்தக் குழுவில் கூடவில்லை. 2016இல் வெளியான ஆய்வு இது. எடையையும் கவனிக்க வேண்டும், வயதையும் கவனிக்க வேண்டும். எதற்கு முன்னுரிமை என்பது அந்தப் பெண்ணின் நிலைமையைப் பொறுத்தது.

படம் போட்ட அந்தப் பத்து உணவுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சாப்பிட்டால் கரு நிற்கும் என்று சொல்லும்படியான தனி உணவு எதுவும் இல்லை. அமெரிக்காவில் 17,544 பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதாலும் வனஸ்பதியாலும் வரும் டிரான்ஸ் கொழுப்பு குறைவு, பருப்பு, கொட்டை வகைப் புரதம் அதிகம், தீட்டாத தானியம் அதிகம் என்று மொத்தச் சாப்பாட்டு முறையும் நன்றாக இருந்த பெண்களுக்குக் கருமுட்டை வெளியாகாத வகைக் குழந்தையின்மை குறைவாக இருந்தது. கவனியுங்கள், அந்த ஒரு வகைதான். கருக்குழாய் அடைத்திருந்தால் எந்தப் பழமும் அதைத் திறக்காது. விந்தணு வரும் பாதையில் அடைப்பு இருந்தால் எந்தக் கொட்டையும் அதை நீக்காது. இதை நேராகச் சொல்லாததால் உணவை மட்டும் மாற்றிப் பார்த்துக்கொண்டே ஆண்டுகளைக் கடத்துகிறார்கள். ஓர் ஆண்டு முயன்றும் கரு நிற்காவிட்டால் இருவரும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதம் போதும். மாதவிடாயே ஒழுங்கில்லை என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

சாப்பாட்டோடு சேர்த்து, முயலத் தொடங்குமுன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதைக் கர்ப்பத்துக்கு முன்பே சரிசெய்வது எளிது, பின்பு கடினம். சாப்பிட்ட கையோடு தேநீரோ காபியோ குடிப்பது இரும்புச் சத்தைச் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். சாப்பாட்டோடு எலுமிச்சையோ வேறு புளிப்புப் பழமோ இருந்தால் நன்றாகச் சேரும். தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிட வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வராமல் கருவுற்றால் முதல் வாரங்களிலேயே குழந்தையின் இதயம் பாதிக்கப்படலாம். உப்பு அயோடின் சேர்த்ததாக இருக்கட்டும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் பி12 அளவையும் பார்த்துக்கொள்ளலாம்.

சத்து என்று நினைத்து அளவு மீறுவதும் உண்டு. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். கருவுற்ற தொடக்கத்தில் அது அளவு கடந்தால் குழந்தைக்குக் கேடு என்பதால், முயலும் காலத்திலேயே ஈரலையும் வைட்டமின் ஏ மாத்திரையையும் தவிர்ப்பது நல்லது. மீன் வேண்டும், ஆனால் சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேரும் என்பதால் சின்ன மீன்களே மேல். காபி ஒரு நாளைக்கு இரண்டு கோப்பைக்குள் இருக்கட்டும். மதுவைப் பொறுத்தவரை கர்ப்பத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. முதல் வாரங்களில் கர்ப்பம் தெரியாது என்பதால் முயலத் தொடங்கும்போதே விட்டுவிட வேண்டும்.

ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதே பொருளில் மறுபடி எழுதும்போது மகளிர் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஆண்கள் முதலில் புரட்டும் விளையாட்டுப் பக்கத்திலும் ஒரு பாதி இடம் கொடுங்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் பற்றியும் புகைப்பழக்கத்தைப் பற்றியும் அங்கே வரட்டும். உணவுப் படங்களுக்கு மேலே, கண்ணில் படும்படி ஒரு பெட்டியில், ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம், குழந்தைக்கு முயலத் தொடங்குவதற்கு முன்பிருந்தே, தினமும் என்று போடுங்கள். அடுத்த மாதம் திருமணமாகப்போகும் பெண்ணோ, இரண்டாவது குழந்தையைப் பற்றி யோசிக்கும் தம்பதியோ அதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவமனைச் செவிலியர்
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்)